மௌனம் சம்மதமா? – யூனிக்ஸ் பேக்கப் நிரல்களின் கதை

யூனிக்ஸ் இயங்குதளத்தில் ‘டம்ப்’ என்று ஒரு பழைய நிரல் உண்டு. டிஸ்கில் இருப்பதை டேப்பில் நகல் எடுத்து வைப்பது அதன் வேலை. முடித்ததும் ‘டம்ப் இஸ் டன்’ என்று கொட்டை எழுத்தில் ஒரு வரி போடும். எத்தனையோ சிஸ்டம் அட்மின்கள் அந்த வரியைப் பார்த்த நிம்மதியில் விளக்கை அணைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள். ஆனால் அந்த வரிக்கு என்ன அர்த்தம் என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். டிஸ்கிலிருந்து படித்தேன், டேப் டிரைவுக்கு அனுப்பினேன், அது வேண்டாம் என்று சொல்லவில்லை, என் வேலை முடிந்தது. அவ்வளவுதான். டேப்பில் உண்மையில் என்ன பதிவானது, அடுத்த மாதம் அதைப் படிக்க முடியுமா என்பதைப் பற்றி அந்த வரி எதுவும் சொல்லவில்லை. தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டதும் போய்ச் சேர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொள்கிற மாதிரி.

பேக்கப் நிரல்களின் வரலாறு என்று தேடிப் போனால் பெரும்பாலும் எடுத்து வைப்பதைப் பற்றித்தான் கிடைக்கிறது. எந்த வருடம் எந்த நிரல் வந்தது, எவ்வளவு வேகம், எத்தனை டேப் என்று. திரும்ப எடுக்கப் போன இடத்தில் நடந்த கதைகள் தனியாக, அட்மின்கள் டீக்கடையில் சொல்லிக்கொள்கிற கதைகளாகவே இருக்கின்றன. எனக்கு இந்த இரண்டாவது வகைதான் உண்மையான வரலாறாகப் படுகிறது.

முதலில் யூனிக்ஸின் சுபாவத்தைச் சொல்லிவிட வேண்டும். 1969ல் பெல் லேப்ஸில் கென் தாம்ஸனும் டென்னிஸ் ரிட்சியும் அதை ஆரம்பித்தபோது கம்ப்யூட்டரோடு பேச இருந்தது டெலிடைப் என்கிற தட்டச்சு இயந்திரம். மாடல் 33 டெலிடைப் நொடிக்கு 10 எழுத்துதான் அடிக்கும், அதுவும் தடதடவென்று. அதனிடம் போய் “தங்கள் கோப்பு வெற்றிகரமாக நகலெடுக்கப்பட்டது” என்று அடிக்கச் சொன்னால் அடித்து முடிப்பதற்குள் பொறுமை போய்விடும். அதனால் கட்டளைகளின் பெயர்கள் இரண்டெழுத்தில் சுருங்கின. வேலை ஒழுங்காக நடந்தால் நிரல் வாயே திறக்காது. ஏதாவது தப்பானால்தான் பேசும். மௌனம் சம்மதத்துக்கு அறிகுறி என்று நம் ஊரில் சொல்வதைக் கம்ப்யூட்டருக்குச் சட்டமாகவே எழுதிவிட்டார்கள்.

ஒரு நிரல் கக்குவதை அடுத்த நிரல் விழுங்குகிற யூனிக்ஸ் அமைப்பில் இது அருமையான ஏற்பாடு. நடுவில் யாரும் அனாவசியமாகப் பேசக் கூடாதல்லவா. பேக்கப்புக்கு மட்டும் இது பொருந்தவில்லை. ஏனென்றால் ஓடவே ஓடாத நிரலும் மௌனமாகத்தான் இருக்கும். ராத்திரி 2 மணிக்கு எல்லாம் சரியாக நடந்ததால் வந்த மௌனம், எதுவுமே நடக்காததால் வந்த மௌனம், இரண்டும் காலையில் வந்து பார்க்கிறவருக்கு ஒரே மாதிரி இருக்கும்.

1971 நவம்பரில் வெளிவந்த முதல் பதிப்பு யூனிக்ஸ் கையேட்டிலேயே பேக்கப்புக்கு ஒரு கட்டளை இருக்கிறது. பெயர் ‘டாப்’. டெக் நிறுவனத்தின் டெக்டேப் என்ற சின்னச் சுருளில் கோப்புகளை எழுதி எடுப்பதற்கு. பிடிபி-11 கணினியில் ஒரு சுருளில் 578 கட்டங்கள், கட்டத்துக்கு 512 பைட். மொத்தம் 3 லட்சம் பைட்டுக்குக் கொஞ்சம் குறைவு. இன்று போனில் எடுக்கிற ஒரு போட்டோகூட அதில் கொள்ளாது. அதன் வாரிசாக ‘டிபி’ வந்தது. டிபியின் வழி எப்படியென்றால், டேப்பின் ஆரம்பத்தில் பொருளடக்கம், பிறகு கோப்புகள். முதல் ஏட்டைச் செல்லரித்துவிட்டால் மிச்ச ஓலையெல்லாம் பத்திரமாக இருந்தும் எது எங்கே இருக்கிறது என்று தெரியாது.

1979 ஜனவரியில் வந்த ஏழாம் பதிப்பில் ‘டார்’ அறிமுகமானது. இன்றும் லினக்ஸில் எதையாவது இறக்கினால் பெயரின் வாலில் ஒட்டிக்கொண்டிருக்கிறதே, அதே டார்தான். இதில் பொருளடக்கம் கிடையாது. ஒவ்வொரு கோப்புக்கும் முன்னால் 512 பைட்டில் ஒரு தலைச்சீட்டு. பெயருக்கு 100 எழுத்து, பிறகு உரிமையாளர், தேதி, அளவு. எண்கள் எல்லாம் எட்டின் அடிமானத்தில், சாதாரண எழுத்துகளாகவே. டேப்பில் ஒரு இடம் கெட்டுப்போனாலும் அடுத்த தலைச்சீட்டைத் தேடிப் பிடித்து மேலே போகலாம். ஒரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் எழுதியதை இன்னொரு கம்பெனியின் கம்ப்யூட்டரில் படிக்கலாம். 40 வருடத்துக்கு மேல் இது தாக்குப்பிடித்ததற்கு இந்த எளிமைதான் காரணம் என்பது என் கட்சி.

ஆனால் அந்தத் தலைச்சீட்டில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அதில் சரிபார்ப்புக்கு ஒரு கூட்டுத்தொகை இருக்கிறது. தலைச்சீட்டின் பைட்டுகளையெல்லாம் கூட்டிப் போட்ட தொகை. திரும்பப் படிக்கும்போது மறுபடி கூட்டிப் பார்த்து ஒத்துப் போகிறதா என்று டார் பார்க்கும். கூட்டுவது தலைச்சீட்டை மட்டும். அதற்குப் பின்னால் வரும் கோப்பின் உள்ளடக்கத்துக்கு எந்தச் சரிபார்ப்பும் கிடையாது. லாரி ஆபீஸில் மூட்டைமேல் ஒட்டியிருக்கிற சீட்டை மட்டும் சரிபார்த்து இறக்கிக்கொள்வது போல. உள்ளே அரிசிக்குப் பதில் உமி இருந்தாலும் டார் முணுமுணுக்காமல் கொடுத்துவிடும்.

வேறு தொல்லைகளும் இருந்தன. பாதை 100 எழுத்தைத் தாண்டினால் பழைய டார் அந்தக் கோப்பை விட்டுவிடும். பெயர் நீளம் என்று ஒரு வரி சொல்லும், ஓடுகிற ஆயிரம் வரிகளுக்கு நடுவில் அது எங்கே கண்ணில் படப்போகிறது. இன்னொன்று, பேக்கப் எடுக்கும்போது சாய்கோட்டில் ஆரம்பிக்கும் முழுப் பாதையைக் கொடுத்திருந்தால், திரும்ப எடுக்கும்போதும் அதே முழுப் பாதைக்குத்தான் போய் உட்காரும். போன வாரத்து பாஸ்வேர்டு கோப்பை ஓரமாக எடுத்து வைத்து ஒப்பிட்டுப் பார்க்கலாம் என்று நினைத்தவர்களுக்கு, இன்றைய பாஸ்வேர்டு கோப்பின் மேலேயே அது வந்து இறங்கியது. இதனால்தான் பின்னாளில் குனு டார் முன்னால் இருக்கும் சாய்கோட்டைத் தானாகவே வெட்டிவிட்டு, வெட்டியதை ஒரு வரியில் சொல்லவும் சொல்கிறது. குனு டாருக்கு அஸ்திவாரம், ஜான் கில்மோர் எழுதிப் பொதுவில் விட்ட டார்.

பெல் லேப்ஸுக்குள்ளேயே இன்னொரு பிரிவு ‘சிபிஐஓ’ என்று ஒன்றை வைத்திருந்தது. இது 1977ன் ப்ரோகிராமர்ஸ் வொர்க்பெஞ்ச் யூனிக்ஸோடு வந்தது. இதன் பழைய வடிவத்தில் ஒவ்வொரு கோப்பின் உள் எண்ணுக்கும் 16 பிட் இடம்தான். டிஸ்க் பெரிதாகி எண்கள் 65,535ஐத் தாண்டியபோது மேல்பகுதி வெட்டுப்பட்டு, சம்பந்தமே இல்லாத இரண்டு கோப்புகளுக்கு ஒரே எண் விழுந்தது. ஒரே எண் என்றால் ஒரே கோப்புக்கு இரண்டு பெயர் என்பது யூனிக்ஸ் வழக்கம். ஆகவே திரும்ப எடுக்கும்போது இரண்டையும் ஒன்றாகக் கட்டிவிடும் ஆபத்து. டேப்பில் தடம் தவறினால் சிபிஐஓ சொல்லும் பிழைச்செய்தி பிரசித்தமானது: ‘அவுட் ஆஃப் ஃபேஸ், கெட் ஹெல்ப்’. தாளம் தப்பிவிட்டது, யாரையாவது கூப்பிடு. ராத்திரி ஷிஃப்டில் தனியாக இருப்பவர் யாரைக் கூப்பிடுவார், பாவம்.

டாரா சிபிஐஓவா என்று நடந்த சண்டையைத் தீர்க்க போஸிக்ஸ் தரநிர்ணயக் குழு 1992ல் இரண்டு வடிவங்களையும் படிக்கிற, எழுதுகிற ஒரு புது நிரலைக் கொண்டுவந்தது. அதற்குப் ‘பாக்ஸ்’ என்று பெயர். லத்தீனில் சமாதானம். சமாதானம் வந்தது, பாக்ஸைத்தான் யாரும் அதிகம் சீந்தவில்லை.

டம்ப் இந்தக் குடும்பத்தில் தனி ஆள். மற்றவை எல்லாம் வாசல் வழியாக வந்து, டைரக்டரி டைரக்டரியாகப் போய்க் கோப்புகளைக் கேட்டு வாங்கும். டம்ப் கொல்லைப்புறமாக நேரே டிஸ்கின் கட்டங்களைப் படிக்கும். 0 முதல் 9 வரை அதற்கு நிலைகள் உண்டு. 0 என்றால் எல்லாவற்றையும் எடு. மற்ற எண்கள் என்றால், அதைவிடச் சின்ன எண்ணில் கடைசியாக எடுத்ததற்குப் பிறகு மாறியதை மட்டும் எடு. எந்த நாளில் எந்த எண் என்பதற்கு ஹனாய் கோபுரப் புதிரை ஒட்டிய ஒரு வரிசையைக் கையேடே சிபாரிசு செய்தது: 3, 2, 5, 4, 7, 6, 9, 8 என்று போகும். கணக்கு அழகாகத்தான் இருக்கும். டிஸ்க் போன நாளில், தூக்கக் கலக்கத்தில், எந்த டேப்பை முதலில் போடுவது என்று கேட்டுப் பாருங்கள், அழகு தெரியும்.

பெர்க்லி யூனிக்ஸின் டம்பிடம் டேப்பின் நீளத்தை அடிக்கணக்கில் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் 2300 அடி, அங்குலத்துக்கு 1600 பைட் என்று அதுவாகவே எடுத்துக்கொள்ளும். டேப் தீர்ந்துவிட்டது என்று டிரைவ் சொல்லித் தெரிந்துகொள்வதில்லை. தானே கணக்குப் போட்டு, இந்நேரம் தீர்ந்திருக்கும், அடுத்ததை மாட்டு என்று கேட்கும். பெரிய சுருள்கள் போய் உள்ளங்கையில் அடங்கும் 8 மில்லிமீட்டர் கேசட் வந்தபோது இந்தக் கணக்குக்கு அர்த்தமே இல்லாமல் போனது. அட்மின்கள் என்ன செய்தார்கள்? பொய் சொன்னார்கள். இல்லாத நீளத்தையும் இல்லாத அடர்த்தியையும் கொடுத்து, பெருக்கினால் ஏறக்குறைய சரியான கொள்ளளவு வருகிற மாதிரி பார்த்துக்கொண்டார்கள். இந்தப் பொய் எண்கள் ஒரு அலுவலகத்திலிருந்து இன்னொரு அலுவலகத்துக்குப் பாட்டி வைத்தியம் மாதிரி கைமாறின.

இன்னொரு பிரபலமான கண்ணி ஒரே ஒரு எழுத்தில் இருந்தது. சன் கம்ப்யூட்டர்களில் டேப் டிரைவுக்கு இரண்டு பெயர். ‘ஆர்எஸ்டி0’ என்று கூப்பிட்டால் எழுதி முடித்ததும் டேப்பை முதலுக்குச் சுற்றிவிடும். முன்னால் ஒரு ‘என்’ சேர்த்து ‘என்ஆர்எஸ்டி0’ என்றால் சுற்றாமல் அங்கேயே நிற்கும். ஒரே டேப்பில் மூன்று பகுதிகளை வரிசையாக எழுத வேண்டுமானால் ‘என்’ கட்டாயம் வேண்டும். 90களில் நான் வேலைக்குச் சேர்ந்த ஒரு அலுவலகத்தில் (பெயர் வேண்டாம்) ஒவ்வொரு வெள்ளிக்கிழமை ராத்திரியும் மூன்று பகுதிகளை ஒரே டேப்பில் எழுதும் ஸ்கிரிப்ட் ஓடிக்கொண்டிருந்தது. டேப் மாட்டுகிற ஆபரேட்டரிடம், “எப்பவாவது திரும்ப எடுத்துப் பாத்திருக்கீங்களா?” என்று கேட்டேன். “எதுக்கு சார்? டிஸ்க் நல்லாத்தானே இருக்கு” என்றார். வருடம் தேதி எல்லாம் அழகாக எழுதி ஒட்டிய டேப்புகள் பீரோவில் வரிசையாக இருந்தன. ஒன்றை எடுத்துப் போட்டுப் பட்டியல் கேட்டால் மூன்றாவது பகுதி மட்டும் வந்தது. இன்னொன்றைப் போட்டோம், அதிலும் அப்படியே. ஸ்கிரிப்ட்டில் ‘என்’ இல்லை. முதல் பகுதியை எழுதி, முதலுக்குச் சுற்றி, அதன் மேல் இரண்டாவதை எழுதி, மறுபடி சுற்றி, அதன் மேல் மூன்றாவதை எழுதியிருக்கிறது. கணக்குப் பிரிவின் ஏடுகள் இருந்தது முதல் பகுதியில். பீரோ முழுக்க ஒரு டேப்பில்கூட அது இல்லை. ஒவ்வொரு வாரமும் ‘டம்ப் இஸ் டன்’ மட்டும் மூன்று முறை தவறாமல் வந்திருக்கிறது. நல்லவேளையாக டிஸ்க் அதுவரை நல்லாத்தான் இருந்தது.

திரும்ப எடுக்கும் கருவியே காணாமல் போனால்? 1986ல் மரியோ வோல்ஸ்கோ என்பவர் எழுதிய ஒரு சம்பவக் குறிப்பு அட்மின்கள் வட்டாரத்தில் இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஒரு வாக்ஸ் கணினி. சூப்பர்யூசராக நுழைந்திருந்த ஒருவர், இருக்கும் இடம் உச்சி டைரக்டரி என்பதைக் கவனிக்காமல், எல்லாவற்றையும் அழிக்கும் ‘ஆர்எம்’ கட்டளையைக் கொடுத்துவிட்டார். பதறிப்போய் நிறுத்துவதற்குள் பின், டெவ், எட்சி, லிப் என்று முக்கியமான டைரக்டரிகள் எல்லாம் போயிருந்தன. பயனர்களின் கோப்புகள் தப்பித்தன. அங்கே பயனர் கோப்புகளுக்கு வியாழக்கிழமைதோறும் பேக்கப். இது நடந்தது புதன்கிழமை.

டேப்பிலிருந்து திரும்ப எடுக்கலாம் என்றால், ‘ரெஸ்டோர்’ நிரல் இருந்த இடம் எட்சி. டேப் டிரைவைக் கூப்பிடும் பெயர் இருந்த இடம் டெவ். இரண்டுமே இல்லை. பூட்டின் சாவியைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டிய நிலை. நிறுவும் டேப்பைப் போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் அது டிஸ்கையே துடைத்துவிடுமோ என்று பயம். மிச்சம் இருந்தவை, சூப்பர்யூசராக இன்னும் திறந்திருந்த ஒரு டெர்மினல், ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்த ஈமாக்ஸ் எடிட்டர், பக்கத்தில் நன்றாக இருந்த இன்னொரு வாக்ஸ். புது டைரக்டரி உண்டாக்கும் கட்டளைகூட அழிந்துவிட்டதால், தப்பிப் பிழைத்த டெம்ப் டைரக்டரியின் பெயரை எட்சி என்று மாற்றுகிற குட்டி நிரலை வாக்ஸ் அசெம்பிளியில் எழுதினார்கள். பக்கத்து வாக்ஸில் அதை இயந்திர மொழியாக்கி, பிறகு எழுத்துகளாக்கி, அந்த எழுத்துகளை ஈமாக்ஸில் கையால் தட்டி, எழுத்துகளைத் திரும்ப நிரலாக்கும் கருவி யார் செய்த புண்ணியத்தாலோ வேறு டைரக்டரியில் இருந்ததால் அதைக் கொண்டு நிரலாக்கி ஓட்டினார்கள். எட்சி வந்தது. அதற்குப் பிறகு தேவையானவற்றை ஒவ்வொன்றாகப் பக்கத்து வாக்ஸிலிருந்து இழுத்துக்கொண்டார்கள். படிக்கும்போது துப்பறியும் கதை மாதிரி இருக்கும். ஈமாக்ஸை யாராவது பத்து நிமிடம் முன்னால் மூடியிருந்தால் கதையே இல்லை.

இதுவரை சொன்னதெல்லாம் நடந்த பிறகு தெரிந்துகொண்டவை. நடப்பதற்கு முன்னாலேயே போய் உரசிப் பார்த்தவர் எலிசபெத் ஸ்விக்கி. 1991ல் சான் டியாகோவில் நடந்த லைசா என்ற சிஸ்டம் அட்மின்கள் மாநாட்டில் அவர் ஒரு கட்டுரை வாசித்தார். பேக்கப் நிரல்களைச் சித்திரவதை செய்து பார்ப்பது என்று தலைப்பிலேயே சொல்லிவிட்டார். தெரிந்துகொள்ள வேண்டியவை, ஆனால் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று நீங்கள் நினைக்கப்போகிறவை என்று ஒரு துணைத்தலைப்பும் உண்டு.

அவர் செய்தது எளிய காரியம்தான். அதுவரை யாரும் முறையாகச் செய்து வெளியிடாதது ஆச்சரியம். விசித்திரமான பெயர்கள் கொண்ட கோப்புகளை உருவாக்கினார். யூனிக்ஸ் கோப்பின் பெயரில் சாய்கோடும் பூஜ்ய எழுத்தும் தவிர எதுவும் வரலாம், வரிமுறிவுகூட. மிக நீளமான பாதைகளை உருவாக்கினார். ‘ஓட்டை’க் கோப்புகளை உருவாக்கினார். யூனிக்ஸில் ஒரு கோப்பின் நடுவே எழுதாமல் தாண்டிப் போகலாம், அந்த இடம் டிஸ்கில் இடமே பிடிக்காமல் படிக்கும்போது பூஜ்யங்களாகத் தெரியும். விவரம் தெரியாத நிரல் அந்தப் பூஜ்யங்களை நிஜமென்று எண்ணி எழுதிவைக்கும், திரும்ப எடுக்கும்போது 1 எம்பி கோப்பு 1 ஜிபியாக வந்து டிஸ்கை நிரப்பும். அப்புறம், பேக்கப் ஓடிக்கொண்டிருக்கும்போதே கோப்புகளை வளர்த்தார், சுருக்கினார், அழித்தார். இவ்வளவையும் ஒவ்வொரு நிரலிடமும் கொடுத்து, திரும்ப எடுத்து, மூலத்தோடு ஒப்பிட்டார்.

ஏறக்குறைய எல்லா நிரலும் எங்கேயாவது ஓரிடத்தில் நொறுங்கி விழுந்தது. கையேட்டில் சொன்ன வரம்பு ஒன்று, உண்மையான வரம்பு வேறொன்று. தான் தோற்றதைத் தானே கண்டுபிடித்துச் சொன்ன நிரல்கள் மிகக் குறைவு. வேடிக்கை என்னவென்றால், இந்தச் சோதனைக் கோப்புகளைத் தாங்காமல் டிஸ்கைப் பழுதுபார்க்கும் எஃப்எஸ்சிகே நிரலே பல கணினிகளில் படுத்துவிட்டது. ஒரு கணினியில் இயங்குதளத்தின் கெர்னலே விழுந்தது. மற்றவற்றைவிட வெகுவாக முந்தி நின்றது டம்ப். கொல்லைப்புறமாக வந்து கட்டங்களைப் படிப்பதால் பெயர் எப்படி இருந்தாலும், பாதை எவ்வளவு நீண்டாலும் அதற்குக் கவலையில்லை.

யூனிக்ஸ் பேக்கப் வரலாற்றில் ஒரே ஒரு பெயரைத்தான் சொல்லலாம் என்றால் நான் டாரை எழுதியவர்களை விட்டுவிட்டு ஸ்விக்கியைச் சொல்வேன். நிரல் எழுதுகிறவர்களிடம் “உன் நிரல் நல்லதா?” என்று கேட்பதை விட்டுவிட்டு, எழுதியதையும் திரும்பி வந்ததையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தார். 2003ல் அதே லைசா மாநாட்டில் புதிய சோதனைகளோடு மறுபடி வந்தார். நிரல்கள் கணிசமாகத் தேறியிருந்தன, அவற்றுக்கு இடையிலான வித்தியாசமும் குறைந்திருந்தது. கையேட்டில் சொல்லாத தோல்விகள் மட்டும் இன்னும் சகஜமாகவே இருந்தன.

நடுவில் டம்புக்கு ஒரு சோதனை வந்தது. 2001ல் லினஸ் டோர்வால்ட்ஸ், லினக்ஸில் டம்பை இனி நம்ப வேண்டாம் என்று கொஞ்சம் கடுமையான வார்த்தைகளிலேயே சொன்னார். காரணம் டம்பின் குறியில் ஏற்பட்ட கோளாறு அல்ல. லினக்ஸ் 2.4 கெர்னலில் கோப்புகளுக்கான தற்காலிக நினைவகமும், டிஸ்க் கட்டங்களை நேரே படிப்பவர்களுக்கான நினைவகமும் தனித்தனியாகப் பிரிந்தன. கொல்லைப்புறமாக வருபவருக்கு, வீட்டுக்குள் இப்போது நடப்பது தெரியாமல் பழைய நிலவரம் தெரியலாம். டம்பின் பலம் எதுவோ அதுவே காலை வாரியது. நிரலில் ஒரு வரி மாறவில்லை, அதன் கீழே இருந்த தரை மாறியது. ஒருமுறை சோதித்துத் தேறிவிட்டது என்று சும்மா இருந்தவர்களுக்கு இது தெரிய வழியே இல்லை.

மௌனம் எவ்வளவு தூரம் கொண்டுபோய் விடும் என்பதற்குப் பலருக்கும் தெரிந்த உதாரணம் பிக்ஸாரின் ‘டாய் ஸ்டோரி 2’. 1998ல் படம் பாதித் தயாரிப்பில் இருக்கும்போது யாரோ படத்தின் கோப்புகள் இருந்த இடத்தில் அழிக்கும் கட்டளையை ஓட்டிவிட்டார்கள். ஓரென் ஜேக்கப் பிற்பாடு சொன்ன விவரப்படி, கதாநாயகன் வுடியின் டைரக்டரியில் கோப்புகள் பார்க்கப் பார்க்கக் குறைந்துகொண்டே வந்தன. மின்சார வயரைப் பிடுங்கச் சொல்வதற்குள் 90 சதவீதம் போய்விட்டது. சரி, பேக்கப் இருக்கிறதே என்று எடுத்துப் போட்டார்கள். எல்லாம் வந்த மாதிரிதான் இருந்தது. ஒரு வாரம் அதன் மேல் வேலையும் செய்தார்கள். அப்புறம்தான் பல கோப்புகள் குறைவதும் கெட்டிருப்பதும் தெரிந்தது. பேக்கப் 4 ஜிபி வரம்பை எட்டியிருந்தது, அதற்கு மேல் எழுத முடியவில்லை. முடியவில்லை என்ற பிழைச்செய்தியை எழுத வேண்டிய பதிவேடு இருந்ததும் அதே நிரம்பிய இடத்தில்தான். இடம் இல்லை என்று எழுதுவதற்கும் இடம் இல்லை.

தொழில்நுட்பப் பிரிவில் இருந்த கேலின் சஸ்மன், கைக்குழந்தையை வைத்துக்கொண்டு வீட்டிலிருந்து வேலை பார்ப்பதற்காகப் படத்தின் நகல் ஒன்றை வீட்டுக் கம்ப்யூட்டரில் வைத்திருந்தார். அந்தக் கம்ப்யூட்டரைப் போர்வையில் சுற்றிக் காரின் பின் சீட்டில் வைத்து மெதுவாக ஓட்டிக்கொண்டு வந்தார்கள். படம் 1999 நவம்பரில் வெளிவந்தது. ஆனால் இப்படிக் காப்பாற்றிய படத்தில் பெரும்பகுதியைக் கதை சரியில்லை என்று அவர்களே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக எடுத்தார்கள் என்பது இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம்.

டேப் காலம் போய்விட்டது, இப்போதெல்லாம் இப்படி நடக்காது என்று சொல்கிறவர்களுக்கு 2017 ஜனவரி 31 இருக்கிறது. கிட்லேப் நிறுவனத்தில், நகல் சர்வர் என்று நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தள டைரக்டரியை ஒரு பொறியாளர் ராத்திரி நேரத்தில் அழித்துவிட்டார். ஓரிரு நொடியில் நிறுத்தினார். சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. அவர்களிடம் ஐந்து வகைப் பாதுகாப்பு ஏற்பாடுகள் இருந்தன, ஒன்றும் கைகொடுக்கவில்லை. தினசரி நகல் எடுக்கும் ‘பிஜி டம்ப்’ 9.2 பதிப்பாக ஓடிக்கொண்டிருந்தது, தரவுத்தளமோ 9.6. பதிப்பு பொருந்தாததால் ஒவ்வொரு நாளும் தோற்றது. தோற்றதென்று மின்னஞ்சலும் அனுப்பியது. டிமார்க் என்ற அஞ்சல் சரிபார்ப்பு முறைப்படி அந்த மின்னஞ்சல்களில் உரிய கையொப்பம் இல்லாததால் வந்து சேரும் இடத்தில் அவை நிராகரிக்கப்பட்டன. நகல்கள் இருக்க வேண்டிய கிடங்கைத் திறந்து பார்த்தால் காலி. கடைசியில், வேறொரு வேலைக்காக அதே பொறியாளர் 6 மணி நேரம் முன்னால் கையால் எடுத்திருந்த டிஸ்க் பிரதி ஒன்றுதான் காப்பாற்றியது. அந்த 6 மணி நேரத்துக்குள் சேர்ந்த சுமார் 5000 ப்ராஜெக்டுகளும், 5000 கருத்துகளும், 700 பயனர் கணக்குகளும் போயின. மீட்பு வேலையை அவர்கள் யூடியூபில் நேரடியாக ஒளிபரப்பினார்கள். நடந்ததை ஒளிக்காமல் எழுதி வெளியிட்டார்கள். இந்த விஷயத்தில் அவர்களுக்கு என் மரியாதை உண்டு. இப்படி எழுதுகிறவர்கள் இல்லாவிட்டால் இந்தக் கட்டுரையில் பாதி இருக்காது.

கடைசியாக ஒன்று. இதில் பேக்கப்பே எமனாக வந்தது. ஜப்பானில் கியோட்டோ பல்கலைக்கழகத்தின் சூப்பர் கம்ப்யூட்டர், 2021 டிசம்பர் 14 முதல் 16 வரை. பேக்கப் வேலையின் ஒரு பகுதியாகப் பத்து நாளுக்கு மேற்பட்ட பழைய பதிவேடுகளை அழிக்கும் ஸ்கிரிப்ட் ஒன்று இருந்தது. கணினியைக் கொடுத்த ஹெச்பிஇ நிறுவனத்தின் ஜப்பான் கிளை அந்த ஸ்கிரிப்ட்டைத் திருத்தி, பழையது ஓடிக்கொண்டிருக்கும்போதே அதன் மேல் புதியதை வைத்தது. பாஷ் ஷெல் ஒரு ஸ்கிரிப்ட்டை முழுக்கப் படித்து வைத்துக்கொண்டு ஓடுவதில்லை. கொஞ்சம் படிக்கும், செய்யும், விட்ட இடத்திலிருந்து மேலே படிக்கும். விட்ட இடத்தில் இப்போது வேறு எழுத்து. முதல் பாதி பழைய ஸ்கிரிப்ட், பின் பாதி புதியது. புதிய பாதி எதிர்பார்த்த மாறிகளுக்குப் பழைய பாதியில் மதிப்பே கொடுக்கப்படவில்லை. எந்த டைரக்டரியில் தேடி அழிக்க வேண்டும் என்ற இடம் வெற்றாக இருந்ததால், பதிவேடுகளுக்குப் பதில் ஆராய்ச்சியாளர்களின் கோப்புகளை அது அழிக்க ஆரம்பித்தது. போனது 77 டெராபைட், சுமார் 3 கோடியே 40 லட்சம் கோப்புகள். பாதிக்கப்பட்டவை 14 ஆராய்ச்சிக் குழுக்கள். முழுப் பொறுப்பும் எங்களுடையது என்று நிறுவனம் எழுதிக் கொடுத்தது. பல்கலைக்கழகம் அந்த பேக்கப் வேலையை நிறுத்தி வைத்து, சரிசெய்த பிறகு ஜனவரி இறுதியில் மறுபடி தொடங்குவதாக அறிவித்தது. 14 குழுக்களில் 4 குழுக்களின் கோப்புகளுக்கு வேறு நகல் எங்கேயும் இல்லை.